மூன்றாம் மாடிப் பேயின் பொருட்டு: விடுதிச் சீனியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர்ப் பழைய கல்லூரிகளின் விடுதிகளில் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் படிக்கும் சீனியர்களுக்கு,

வணக்கம். முதலாண்டுப் பிள்ளைகள் பக்கெட்டும் பாயுமாக வந்து இறங்கியிருப்பார்கள். இன்னும் ஒரு வாரத்துக்குள் கரண்ட் போகிற ஓர் இரவில் அவர்களை வட்டமாக உட்கார வைத்து, "மூணாவது மாடியில அந்தக் கடைசி ரூம் ஏன் பூட்டியே கெடக்கு தெரியுமா?" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். இரண்டு பேர் சிரிப்பார்கள். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடிப்பாள். அவளைப் பார்த்துத்தான் மீதிக் கதையைச் சொல்வீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் சொன்னேன்.

இந்த மடல் அதை நிறுத்தச் சொல்லி எழுதியதல்ல. பேய்க்கதை இல்லாத விடுதி வெறும் லாட்ஜ். வீட்டை விட்டு முதல் முறையாக வந்திருக்கும் இருபது பேரை ஒரே இரவில் ஒருவருக்கொருவர் துணையாக்க அதைவிட நல்ல வழியை எந்த வார்டனும் கண்டுபிடித்ததில்லை. நான் கேட்பது வேறு. அதற்கு முன் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது நூறு வயதைத் தாண்டிய ஒரு கல்லூரியில். பெயர் வேண்டாம். முதலாண்டில் எனக்குச் சொல்லப்பட்ட பேய்க்கு ஒரு கொலுசுச் சத்தம் மட்டுமே இருந்தது. முகம் கிடையாது, பெயர் கிடையாது, ஏன் நடக்கிறது என்ற காரணமும் கிடையாது. இரண்டாமாண்டில் சொல்லும் முறை என்னிடம் வந்தபோது அது எனக்குப் போதவில்லை. ஈரத்தலையைச் சேர்த்தேன். விடியற்காலையில் மாடி வராந்தாவில் தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஒருத்தி நடந்து போவாள், காலையில் பார்த்தால் தரையில் ஈரம் மட்டும் இருக்கும் என்று. நல்ல வேலைப்பாடு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு ஜூனியர் அரையாண்டு வரை குளியலறைக்குத் தனியாகப் போகவில்லை. எனக்கு அதில் பெருமை.

பதினான்கு வருடம் கழித்து, பழைய மாணவியர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். டீ கொடுக்க வந்த சின்னப் பெண்ணிடம் விளையாட்டாக, "உங்க பேய் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவள் கண் விரியச் சொன்னாள். ஈரத்தலை அப்படியே இருந்தது. ஆனால் பேய்க்கு இப்போது ஒரு துறை வந்திருந்தது, படித்த வருடம் வந்திருந்தது. காதலித்தவன் கைவிட்டான், மூன்றாம் மாடி அறையில் மின்விசிறியில் தொங்கிவிட்டாள். பெயரின் முதல் எழுத்தைக்கூடச் சொன்னாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள். அந்தத் துறை, அந்த வருடம், அந்த எழுத்து எல்லாம் அவளுடைய வகுப்புத் தோழிக்குப் பொருந்தின. அந்தப் பெண் மஞ்சள் காமாலையோடு படிப்பு விடுமுறைக்கு ஊருக்குப் போனாள், திரும்பவில்லை. விடுதியில் எதுவும் நடக்கவில்லை. காதலன் என்று யாரும் இருந்ததாக அறைத்தோழிகளுக்குத் தெரியாது. கையெழுத்து அச்சுப் போல இருக்குமாம், பாதி வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகளை அவள்தான் எழுதிக் கொடுத்தாளாம். ஓசி கேட்டால் சோப்பு கொடுப்பாளாம், பக்கெட் மட்டும் கொடுக்க மாட்டாளாம். இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க இன்னும் ஆள் இருக்கிறது. விடுதியில் மிஞ்சியது தூக்குக் கயிறும் காதல் தோல்வியும். அவளுக்கு ஈரத்தலையைக் கொடுத்தது நான்.

யோசித்துப் பாருங்கள், நம் வளாகப் பேய்கள் ஏன் எப்போதும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன? பெண், இருபது வயது, காதல், தற்கொலை. ஆண்கள் விடுதியிலும் பெண் பேய்தான். உயிரோடு இருக்கும் பெண் கேட்டைத் தாண்டி உள்ளே வர முடியாத இடத்தில் செத்தவள் மட்டும் எப்படி வந்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்லூரிப் பணக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நாற்பது வருடம் ஒரே நாற்காலியில் இருந்த பர்சார் பேயாக வந்து ஃபீஸ் கேட்பதாக ஒரு கதையும் நான் கேட்டதில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த நாற்காலியை விட்டுப் போக மனம் வராதவர் அவர்தான்.

நீங்கள் கேட்கும் சத்தங்கள் பொய் என்று சொல்லவில்லை. பழைய கட்டடம் உண்மையிலேயே சத்தம் போடும். அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் போட்டது: தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் குத்தாக நிறுத்தி அடுக்கிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்து. பகலெல்லாம் வெயிலில் விரிந்த மரம் இரவில் சுருங்கும்போது டக் டக்கென்று சத்தம் போடும். மேல்தளத்தில் யாரோ ஓடுவது மரநாய். பழைய கட்டடமும் பழமரமும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். வெள்ளையாக ஓர் உருவம் சத்தமே இல்லாமல் மிதந்து போய், அப்புறம் வீறிட்டால் அது வெண்கூகை. அதன் சிறகு காற்றில் ஓசை எழுப்பாது, குரல்தான் அலறல். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் நடு ராத்திரியில் தலை கிறுகிறுக்கும் வாசனை வந்தால் வளாகத்தில் ஏழிலைப்பாலை பூத்திருக்கிறது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது, ஊரில் அமுக்குவான் பேய் என்போமே, அது கனவு உறக்கத்தில் தளர்ந்து கிடக்கும் தசைகள் விழிப்பதற்குள் மனம் முதலில் விழித்துக்கொள்வதால் வருவது. தூக்கம் கெட்டு மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். தேர்வு வாரத்தில் எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் எனக்குப் பயம் போகவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, கதைக்கு ஆள் வேண்டும் என்கிறீர்களா? நம் வளாகங்களில் ஆளுக்கா பஞ்சம்! சென்னை நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் பெண்கள் கிறித்தவக் கல்லூரி தொடங்கியது 1915இல். அடுத்த ஆண்டே டவ்டன் மாளிகைக்குக் குடிவந்தது. அந்த வீட்டில் அதற்கு முன் அடைபட்டுக் கிடந்தவர் யார் தெரியுமா? பரோடா மன்னர் மல்ஹர் ராவ் கெய்க்வாட். 1874இல் பரோடாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கர்னல் ஃபேயருக்கு வந்த பம்பளிமாஸ் சர்பத்தில் ஆர்சனிக்கும் வைரத்தூளும் கலக்க வைத்ததாக அவர் மேல் குற்றச்சாட்டு. ஃபேயர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொட்டிவிட்டார். விசாரிக்க ஆறு பேர் அமர்ந்தார்கள், மூன்று வெள்ளையர், மூன்று இந்தியர். வெள்ளையர் மூவரும் குற்றம் என்றார்கள். குவாலியர், ஜெய்ப்பூர் மன்னர்களும் முன்னாள் திவான் தினகர் ராவும் நிரூபணம் ஆகவில்லை என்றார்கள். ஆனாலும் 1875இல் அவரைப் பதவியிறக்கிச் சென்னைக்கு அனுப்பினார்கள். 1882இல் இங்கேயே செத்துப்போனார். சர்பத்தில் வைரத்தூள் போட்டதாகப் பழிசுமந்த ராஜா சிறையிருந்த வீடு, சீனியர்களே! கரண்ட் போன இரவுக்கு இது போதாதா?

அதே சாலைக்குக் 'கல்லூரி' என்ற பெயர் வந்ததே அதைவிடப் பழைய கல்லூரி ஒன்றால். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பிக்க 1812இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டிபிஐ வளாகத்தில் இருந்தது. அதன் பின்னால் இருந்தவர் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இலேயே அச்சில் சொன்னவர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல், நாற்பது வருடம் கழித்து. எல்லிஸ் திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டார். சென்னையில் கிணறு வெட்டி, கல்வெட்டில் குறளை எழுதி வைத்தார். 1819இல் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சை உட்கொண்டு இறந்தார். அவர் வைத்துவிட்டுப் போன காகிதக் கட்டுகள் மதுரை கலெக்டர் வீட்டுச் சமையற்காரருக்குப் பல மாதம் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் உதவினவாம். பிற்காலத்தில் வால்டர் எலியட் என்ற அதிகாரி பதிந்துவைத்த செய்தி இது. ஆவியாக அலைய நியாயமான காரணம் உள்ள ஒரே ஆள் என்றால் என் கணக்கில் எல்லிஸ்தான். ஒவ்வொரு சமையற்கட்டாகப் போய் அடுப்பைக் கிளறிப் பார்ப்பார் என்று சொல்லுங்கள், மெஸ் பக்கம் இரவில் ஒருத்தரும் போகமாட்டார்கள்.

இதில் எனக்குப் பயம் தருகிற ஒரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் கதை சொல்லிப் பூட்டிவைக்கும் அறை உண்மையிலேயே சாகிறது. பேய் அறையை யாரும் கேட்பதில்லை, கேட்காத அறையை யாரும் பெருக்குவதில்லை. கூரையில் அடைபட்ட தண்ணீர் உத்திரத்துக்குள் இறங்குகிறது. சுவர் வெடிப்பில் பறவை எச்சத்தோடு விழுந்த அரச விதை வேர் விடுகிறது. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக முகம் மாதிரி தெரிகிறது. உங்கள் கதைக்கு அதுவும் சாட்சியாகிவிடும். கடைசியில் ஒருநாள் ஒரு பொறியாளர் வந்து 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று எழுதிவிட்டுப் போவார். மெரினாவில் ராணி மேரிக் கல்லூரி 1914இல் குடிபுகுந்த கேப்பர் மாளிகையைத் தேடிப் பாருங்கள். 2003இல் வளாகத்தைத் தலைமைச் செயலகத்துக்காக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றதும் மாணவியர் தெருவில் உட்கார்ந்து போராடிக் கல்லூரியைக் காப்பாற்றினார்கள். அந்த மாளிகை மட்டும் பாழடைந்து கிடந்து பிறகு இடிபட்டது. இன்று அங்கே வேறு கட்டடம்.

எங்கள் மூன்றாம் மாடி அறையையும் கடைசியில் திறந்தார்கள். அந்தக் கூட்டத்தன்றே வார்டனிடம் நச்சரித்தோம். சாவி கிடைக்கவில்லை, பூட்டை உடைத்தார்கள். கால் போன கட்டில்கள் ஏழு, வலை இல்லாத ஒரு பிங்பாங் மேசை, மூலையில் கரையான் பாதி தின்ற மெஸ் கணக்கு நோட்டுகள். புளி இவ்வளவு, உப்பு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மூன்று பேர் என்று மை மங்கிய எழுத்தில். என் தோழி ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினாள். அவளுடைய தோழியின் காலத்துக்கு ரொம்ப முந்தைய நோட்டு அது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே கதை சொல்லுங்கள், ராஜாவை வைத்தும் எல்லிஸை வைத்தும், முடிந்தால் பர்சாரை வைத்தும். வளாகத்தில் நிஜமாக இறந்துபோன பிள்ளைகளின் துறையையும் வருடத்தையும் பெயரின் எழுத்தையும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். யாராவது அவர்களைப் பற்றிக் கேட்டால் என்ன நோய், என்ன விபத்து என்று தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சும்மா இருங்கள். அப்புறம், அந்த ஈரத்தலை என்னுடையது. அதை மட்டும் அவளிடமிருந்து வாங்கி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சீனியர்