மில்லேயின் மூன்று பெண்களும் மாலை வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவியத்துக்கென்று இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கூர்பே, மானே பற்றிய பகுதிகளில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ழான் ஃபிரான்சுவா மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ என்ற ஓவியத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதுதான் இடிக்கிறது. உழைப்பின் அழகைப் போற்றும் படம், மாலைப் பொன்னொளியில் கிராமத்து அமைதி என்கிறார் கட்டுரையாளர். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் பார்த்துப் பார்த்து அந்தப் படம் நமக்கு அப்படிப் பழகிவிட்டது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1857ஆம் ஆண்டு ‘சலோன்’ என்ற பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியில் அதன் முன்னால் நின்ற பலருக்கு அமைதி எதுவும் கண்ணில் படவில்லை. பயந்துதான் போனார்கள். அந்த மூன்று பெண்களுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகளும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793இன் கொலைமேடைகளும் தெரிவதாக ‘லெ ஃபிகாரோ’ பத்திரிகையின் விமர்சகர் எழுதினார். ஏழ்மையின் விதித் தேவதைகள் மூவர் என்று இன்னொருவர் கேலி செய்தார். பிரான்சில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி நடந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், அன்று திட்டியவர்கள் இன்று புகழ்கிறவர்களைவிட அந்தப் படத்தை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பெண்கள் யார்? கட்டுரை அவர்களை அறுவடைக்காரர்களாகவே பேசிக்கொண்டு போகிறது. அறுவடை நடப்பது தூரத்தில். அங்கே கதிர்ப் போர்கள் குவிந்து நிற்கின்றன, வண்டியில் பாரம் ஏறுகிறது, ஒரு கூட்டமே வேலை செய்கிறது. கூலிக்கு வந்தவர்கள் அவர்கள்தான். முன்னால் குனிந்திருக்கும் மூவருக்கும் கூலி கிடையாது. அறுத்துக் கட்டிக் கொண்டுபோன பிறகு தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ள மட்டும் அவர்களுக்கு அனுமதி. பிரான்சில் இது ஏழைகளின் உரிமையாக 1554ஆம் ஆண்டு அரசாணையிலேயே வந்துவிட்டது. உரிமையோடு கட்டுப்பாடும் வந்தது. 1810 தண்டனைச் சட்டப்படி, விளைச்சல் முழுவதையும் எடுத்து முடிக்காத வயலில் இறங்கினால் அபராதம். சூரியன் உதிக்கும் முன்போ மறைந்த பின்போ பொறுக்கினாலும் அபராதம்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தின் வெளிச்சத்தைப் பாருங்கள். வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. நமக்கு அது ரம்மியமான மாலைப்பொழுது. அந்தப் பெண்களுக்கோ அது கெடு. இருட்டினால் வயலை விட்டு வெளியேற வேண்டும், மடியில் சேர்ந்தது அவ்வளவுதான். அந்தப் பொன்னொளியும் எங்கே விழுகிறது? தூரத்துப் போர்களும் வண்டியும் கூட்டமும் வெளுத்து மின்னுகின்றன. பெண்களின் முகங்கள் நிழலில் இருக்கின்றன. முதுகிலும் கையிலும் துணி மடிப்பிலும்தான் கொஞ்சம் வெளிச்சம்.

குனிந்திருக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு வயதில் கீழத்தஞ்சைப் பக்கம் கதிர் பொறுக்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த உடம்பு எனக்குக் கொஞ்சம் தெரியும். இடது ஓரத்தில் இருப்பவள் பொறுக்கிய கதிர்களைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையைத் தரைக்கு நீட்டுகிறாள். நடுவில் இருப்பவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வலது பக்கத்தில் இருப்பவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள், ஆனால் முழுக்க நிமிர மாட்டாள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. குனிவது, எடுப்பது, எழுவது என ஒரே அசைவை மூன்று உடம்பில் பிரித்து வைத்திருக்கிறார் மில்லே. குனிந்த இருவரும் அடிவானத்துக்குக் கீழேயே அடங்கிவிடுகிறார்கள். மூன்றாமவளின் தலை மட்டும் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத படத்தில் இந்த மூவரும் கற்சிலைகள்போலக் கனத்துத் தெரிகிறார்கள். இவர்களுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே வெட்ட வெளியாக அரிதாள் வயல். இவர்கள் இந்தப் பக்கம், விளைச்சல் அந்தப் பக்கம். இதை விளக்க நெற்றியில் வியர்வையோ அழும் குழந்தையோ எதையும் மில்லே வரையவில்லை.

பாணி என்றால் தூரிகையை இழுக்கும் விதம், வண்ணப் பூச்சு என்ற அளவில் கட்டுரை நின்றுவிடுகிறது. பாணியே பொருளை எப்படி மாற்றும் என்பதற்கு இதே விஷயத்தில் கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. இரண்டே வருடம் கழித்து, 1859 சலோனில், ஜூல் ப்ரெத்தோன் ‘கதிர் பொறுக்குவோரைத் திரும்ப அழைத்தல்’ என்ற படத்தை வைத்தார். அவருடைய சொந்த ஊரான கூரியேரில் நடக்கும் காட்சி. அதே ஏழைகள், அதே வயல், அதே சட்டம். பொழுது சாய்ந்துவிட்டது, வானத்தில் பிறை. வயல் காவலர் வாயில் கை வைத்துக் கூவி எல்லோரையும் அழைக்கிறார். பெண்கள் வெறுங்காலோடு, கிழிந்த துணியோடு இருக்கிறார்கள். ஆனால் யாரும் வளைந்து கிடக்கவில்லை. கதிர்க்கட்டைத் தலையிலும் அக்குளிலும் தாங்கி, கோயில் சிற்பத்து மங்கையர்போல நிமிர்ந்து வருகிறார்கள். ஏழ்மையை மறைக்கவில்லை, அழகாக நடக்க வைத்துவிட்டார். காவலரைப் பார்த்தாலும் பயம் வரவில்லை, வீட்டுக்குக் கூப்பிடும் ஊர்ப் பெரியவர் மாதிரி இருக்கிறார். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அந்தப் படத்தை வாங்கினார். 1862இல் அதைப் பாரிஸில் இருக்கும் லக்சம்பர்க் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். மில்லேயின் படமோ 3,000 பிராங்குக்குப் போனது. ப்ரெத்தோன் மோசமான ஓவியர் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தி நிறத்தை அவர் கையாண்டிருக்கும் நயம் அசாத்தியம். ஆனால் உழைப்பின் அழகு, கிராமத்து அமைதி என்று கட்டுரையாளர் எழுதியதெல்லாம் அந்தப் படத்துக்குத்தான் அச்சாகப் பொருந்தும்.

மில்லே தன்னை சோஷலிஸ்ட் என்று சொன்னவர்களை மறுத்தார், ஆகவே படத்தில் அரசியல் தேடுவது வீண் என்று கட்டுரை முடிக்கிறது. மறுத்தது உண்மைதான். நார்மண்டியில் க்ரூஷி என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் வயலில் வேலை செய்தவர் அவர். கட்சிக்காக வரைய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பார்த்ததை வரைந்தேன் என்பதே அவர் நிலை. சரி, அப்படியே இருக்கட்டும். எதை முன்னால் வைத்தார், எதைத் தூரத்தில் வைத்தார் என்பது படத்திலேயே இருக்கிறதே. அதைப் பார்க்க அவருடைய வாக்குமூலம் எதற்கு?

அதற்காக இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லலாம் என்றும் நான் சொல்லவில்லை. மில்லேயின் இன்னொரு படமான ‘ஆஞ்ஜெலூஸ்’ விஷயத்தில் அது நடந்தது. மாலை மணி கேட்டு வயலில் நின்று பிரார்த்திக்கும் தம்பதி, இறந்த குழந்தையின் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி அடம்பிடித்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், மேல்பூச்சுக்கு அடியில் பெட்டி போன்ற ஒரு வடிவம் தெரிந்ததாம். இருந்துவிட்டுப் போகட்டும். அதை மூடிய பிறகு மில்லே நமக்குக் காட்டுவது ஒரு கூடையை. தாலியின் கற்பனை சுவாரசியமானது, ஆனால் அது தாலியின் ஓவியங்களைப் புரிந்துகொள்ளத்தான் அதிகம் உதவும். கதிர் பொறுக்கும் பெண்களில் நான் சொன்ன எதற்கும் எக்ஸ்ரே தேவையில்லை, எல்லாம் மேலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது கட்டுரையாளருக்கு அல்ல, உங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு. நீங்கள் அச்சிட்ட படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த ஓரத்தில், தூரத்தில், குதிரைமேல் ஒருவர் இருக்கிறார். பண்ணைக் கண்காணி அவர். விரல் நகம் அளவுதான் இருப்பார். ப்ரெத்தோன் படத்தில் கூவி அழைக்கும் காவலரின் அதிகாரத்தை மில்லே இவரிடம் கொடுத்து, முகம் தெரியாத தூரத்தில் நிறுத்திவிட்டார். அவரை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது கட்டுரையாளர் சொன்ன அமைதியான படம்தான், அவரும் இந்த மாதிரிப் பிரதியைத்தான் பார்த்தாரோ என்னவோ. அடுத்த இதழில் முழுப் படத்தையும், முடிந்தால் பக்கத்தில் ப்ரெத்தோனின் படத்தையும், வண்ணத்தில் வெளியிடுங்கள். இரண்டுமே இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி