பயிர்க் காப்பீட்டு ரசீதோடு ஒரு விளக்கத்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா, தாளடி நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. அதற்கு முந்தைய வாரம்தான் டெல்டா மாவட்டங்களின் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரிகிறது. முதன்முறை பதிவு செய்கிறவர் கைக்கு வருவது ரசீது மட்டும். அதில் எதைப் பார்ப்பது என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. வேளாண்மைத் துறை ஒரு பக்க விளக்கத்தாள் அச்சிட்டு ரசீதோடு கொடுத்தால் விவசாயி தானே சரிபார்த்துக்கொள்வார். திட்டத்தின் பெருமை பேசும் நோட்டீஸ் ஏற்கெனவே நிறைய இருக்கிறது; அது வேண்டாம்.

முதலில் பரப்பு. அதிகம் பிசகுவது அதில்தான். ஊரில் பேச்சு மாக் கணக்கில், நில ஆவணமான சிட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ், மையத்தில் வாய்மொழியாகச் சொல்வது ஏக்கர். மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர், அதாவது 40.5 ஏர்ஸ், ரசீதில் 0.405 ஹெக்டேர். ஹெக்டேர் கட்டத்தில் 1 என்று தட்டிவிட்டால் பரப்பு இரண்டரை மடங்காகி, கிராம சாகுபடிப் பதிவான அடங்கலோடு ஒத்துப்போகாது. மாவுக்கு நேரே ஹெக்டேர் போட்ட சின்ன அட்டவணை இந்தத் தகராறைத் தீர்த்துவிடும்.

அடுத்து, நிலம் இருக்கும் வருவாய் கிராமம். குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொல்லிவிடுகிறவர்கள் பலர். பிறகு சர்வே எண், உட்பிரிவு. வங்கிகள் இணைந்த பின் பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி எண் செல்லாது என்பதும் ஒரு வரி. குத்தகைதாரரும் சேரலாம், கோயில் நிலமானாலும் சரி. ஆனால் சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் வேண்டும்.

தாளின் பின்பக்கம் முழுவதும் இழப்பீட்டுக் கணக்குக்கே போகட்டும். 'என் வயல் மூழ்கியது, பணம் வரவில்லையே' என்ற மனக்குறை பிறப்பது இங்கேதான். மகசூல் இழப்பு தனித்தனி வயலுக்குப் பார்க்கப்படுவதில்லை. கிராமத்தில் தேர்ந்தெடுத்த வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுவடைப் பரிசோதனை செய்து, அதன் சராசரியை உத்தரவாத மகசூலோடு, அதாவது இவ்வளவாவது விளைய வேண்டும் என்று திட்டத்தில் வைத்த அளவோடு, ஒப்பிடுகிறார்கள். உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, கிடைத்தது 1,500 கிலோ என்றால் இழப்பு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய் வரும். விவசாயி கட்டியது 1.5 சதவீதம், 540 ரூபாய். இப்படி ஒரு கணக்கு போட்டுக் காட்டினாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்குக் கணக்கு தனி. அறுத்து வயலிலேயே காயப்போட்ட பயிருக்கு, 14 நாள் வரைதான். பருவம் தவறிய மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவிக்க வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இதே தாள் கிடைக்க வேண்டும். கடன் வாங்கியவருக்கும் 2020 முதல் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாதவர் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதித் தர வேண்டும். இது தெரியாமல் பிரீமியம் பிடித்த பிறகு சங்கத்தில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அக்டோபர் முதல் வாரத்திலேயே தாள் வந்துவிட்டால் அடங்கல் வாங்கவும் பிழை திருத்தவும் அவகாசம் இருக்கும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். க்யூஆர் கோடு மட்டும் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயி,
மன்னார்குடி வட்டம்.