பாலத்தடிச் சென்சார் குறித்து ஆற்று நீர்க் கண்காணிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் ஆற்றில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க நீங்கள் பாலத்தடியில் சென்சார் பொருத்தியபோது மிகவும் மகிழ்ந்தேன். மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த் தரக் குறியீட்டில் சேரும் ஆறு அளவீடுகளுள் கரைந்த ஆக்சிஜனுக்கே 0.22 என்ற மிக அதிகமான பங்கு உண்டு. ஆனால், அந்தச் சென்சார் இப்போது காட்டும் எண்ணை நம்பி எவரையும் குறை சொல்ல இயலாது.

சென்ற மாதம் அறிவிப்புப் பலகையில் லிட்டருக்கு 3.1 மில்லிகிராம் என்று குறைவாக எழுதியிருந்ததைக் கண்ட தாமான் (குடியிருப்பு) மக்கள், ஆக்சிஜனைக் குறைக்கும் ஆலைக் கழிவு ஆற்றில் கலந்துவிட்டதென்று பேசத் தொடங்கினார்கள். அன்று உங்கள் உறுப்பினர் ஒருவரின் முன்னிலையில் சென்சாரைத் தூக்கிப் பார்த்தேன்; முனையிலுள்ள சவ்வு முழுவதும் வழவழவென்று பாசி படிந்திருந்தது. ஈரத் துணியால் மெல்லத் துடைத்து அதே இடத்தில் இறக்கியதும், சற்று நேரத்தில் எண் 5.4 ஆயிற்று. பழைய ஆலைக்காரன் ஆலைக்குப் பரிந்து பேசுகிறான் என்று சிலர் நினைக்கலாம். நாளை உண்மையிலேயே கழிவு கலந்து எண் இறங்கினால், 'பாசியாக இருக்கும்' என்று தட்டிக்கழிக்க நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம் என்பதுதான் என் அச்சம்.

பொருத்திய இடமும் சரியில்லை. நீங்கள் வாங்கியிருப்பது சவ்வு வகை. அளக்கும்போதே தன் முன்னிருக்கும் ஆக்சிஜனைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும் என்பதால், சவ்வைத் தொட்டுப் புதுநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதையோ தூணின் பின்புறம், குப்பையும் நுரையும் ஒதுங்கும் தேங்கு நீரில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ஓட்டமுள்ள பக்கத்தில், துளையிட்ட பிவிசி குழாய்க்குள், அடிச்சேறு படாத ஆழத்தில், காற்றுக் குமிழி முனையில் தங்காதபடி சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள். சவ்வுக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு அளக்கும் வகைக்கு நீரோட்டம் தேவையில்லை என்று விற்பவர் சொல்வது உண்மைதான். பாசி அதையும் விடாது.

வாரம் ஒருமுறை துடைப்பதோடு, துடைக்குமுன் வந்த எண்ணையும் துடைத்தபின் வந்த எண்ணையும் பதிவேட்டில் எழுதுங்கள். பாசியால் விளைந்த பிழை எவ்வளவு என்பதை அந்த வேறுபாடே காட்டிவிடும். பிறகு சவ்வின் நீர்த்துளிகளை ஒற்றியெடுத்து, ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் முனையைத் தொங்கவிட்டால், 28 பாகை செல்சியஸில் எண் 7.8-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நில்லாவிட்டால் அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும், அல்லது சவ்வையும் உள்திரவத்தையும் உள்ளே குமிழி சிக்காமல் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: பலகையில் நீங்கள் எழுதுவது காலை 10 மணி எண். இரவெல்லாம் நீரிலுள்ள பாசியும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியலுக்குச் சற்று முன்தான் அது மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்து எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆள் இல்லை என்பீர்கள். சனிக்கிழமைதோறும் துடைக்கும் வேலையை நானே ஏற்கிறேன். பாலத்துப் பெட்டியின் சாவி ஒன்றை மட்டும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஆற்றோரத் தாமான்வாசி ஒருவன்