படகுத்துறையிலேயே நின்றுவிடச் சொல்கிறீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். கார்டா ஏரியின் நீலத்தையும் ரீவா ஊரின் கரையையும் எலுமிச்சைத் தோட்டங்களையும் கட்டுரையாளர் ஆசையாக எழுதியிருக்கிறார். முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு வரி வருகிறது: "ஏரியைச் சுற்றி மலைமேல் சைக்கிள் ஓட்டுவதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நம்மவர்கள் படகில் ஒரு சுற்று வந்தால் போதும்." அச்சுக்குப் போகும் முன் தாங்களும் இதைப் படித்திருப்பீர்கள். அதனால்தான் கட்டுரையாளருக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு 64 வயது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஏரியின் மலைப்பாதையில் நான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். 2018-இல் மூனிக்கில் வேலை பார்க்கும் மகளிடம் போயிருந்தபோது இரண்டு பேரும் ரீவாவில் மூன்று நாள் தங்கினோம். மோட்டார் வைத்த மவுண்டன் பைக்கை, அதாவது மலைச் சைக்கிளை, வாடகைக்கு எடுத்தேன். காலையில் பெலேர் என்ற வடகாற்று அடங்குவதற்குள் புறப்பட்டுவிட்டோம். பொனாலே பாதை 19-ஆம் நூற்றாண்டில் செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட பழைய சாலை. இப்போது அதில் கார் போவதில்லை, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கீழே ஏரி, நடுநடுவே இருட்டான குகைவழிகள். நடப்பவர்களுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு வார்த்தை வணக்கம் சொல்லிவிட்டுக் கடப்போம். ஏறி முடித்தால் லெத்ரோ பள்ளத்தாக்கு, அங்கே 655 மீட்டர் உயரத்தில் இன்னொரு சின்ன ஏரி. 1929-இல் மின் நிலையத்துக்காக அந்த ஏரியின் தண்ணீரைக் குறைத்தபோது, வெண்கலக் காலத்து மக்கள் மரத்தூண்கள் நட்டு வீடு கட்டியிருந்தது வெளியே தெரிந்ததாம். அந்தக் கரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். என்னை விட வயதான ஜெர்மன்காரப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு இது பழக்கமில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது நம் பத்திரிகைதான்.

அப்புறம் அந்தப் படம். பொனாலே என்று கீழே எழுதிப் போட்டிருக்கிறீர்கள். அது பொனாலே இல்லை, ட்ரெமால்சோ கணவாயின் கொண்டை ஊசி வளைவுகள். முதல் உலகப் போரில் ராணுவம் போட்ட சரளைப் பாதை அது. ஏரி கடல் மட்டத்திலிருந்து 65 மீட்டர், கணவாய் 1,665 மீட்டர். அதாவது 1,600 மீட்டர் ஏற்றம். நான் அங்கே போகவில்லை. மகள் போய்விட்டுச் சாயங்காலம் கை நடுங்க வந்தாள். இறக்கத்தில் மணிக்கணக்காக பிரேக்கைப் பிடித்திருந்த நடுக்கம். படத்தை நம்பி யாராவது குழந்தைகளோடு கிளம்பிவிட்டால்? ஆல்ப்ஸ் பகுதியில் ஒற்றையடிப் பாதைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எஸ்0 என்றால் வேரும் கல்லும் இல்லாத சமமான பாதை, எஸ்2 வந்தாலே படிக்கட்டு மாதிரிப் பாறைகள், எஸ்5 என்னைப் போன்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். இதை இரண்டு வரியில் எழுதியிருந்தால் படிப்பவர்களுக்கு உதவியிருக்கும். அந்த இடத்தில்தான் நம்மவர்களைப் பற்றிய தீர்ப்பு வந்திருக்கிறது.

நம்மவர்களுக்கு மலை ஏன் பழகவில்லை என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்து 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால்தான் என் தாத்தா தன் காய்கறித் தோட்டத்தை விட்டுவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய நார்த்டேலுக்கு வந்தார். 1953-இல் தனி வசதிகள் சட்டம் வந்தது. பூங்கா, கடற்கரை, உட்காரும் பெஞ்சு வரைக்கும் இனவாரியாகப் பலகை வைத்துப் பிரித்தார்கள். 1990-இல்தான் அது போனது. சிறுமியாக இருந்தபோது ஒரு பூங்காவின் வாசலில் என் பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தது நினைவிருக்கிறது. அங்கே என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தெரியும். எங்கள் ஊருக்கும் டர்பனுக்கும் இடையே 1921 முதல் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயம் நடக்கிறது. எங்களைப் போன்றவர்களும் பெண்களும் முறைப்படி பெயர் கொடுத்து ஓடலாம் என்று ஆனது 1975-இல். அதுவரை சாலையோரம் நின்று தண்ணீர் கொடுத்தோம். இத்தனை வருடம் வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்து, "உங்களுக்கு இதில் ஆர்வமில்லை" என்று எழுதலாமா? முன்பு சட்டம் போட்டுச் சொன்னார்கள். இப்போது நம் மொழியிலேயே அறிவுரையாக வருகிறது. இது அதிகமாக வலிக்கிறது.

நான் முதல் மவுண்டன் பைக் வாங்கியது 47 வயதில். கடைக்காரர் மூன்று தடவை கேட்டார், மகனுக்கா என்று. எனக்கு மகன் இல்லை. ஹோவிக் பக்கத்தில் கார்க்லூஃப் தோப்புகளுக்குள் போகும் பாதைகளில் பழகினேன். சுலபமானதிலிருந்து கடினமானது வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பலகை வைத்திருப்பார்கள். நான் இன்றும் நீலத்தோடு சரி. கோடையில் இடிமழை பெய்தால் மறுநாள் போக மாட்டோம். எங்கள் சிவப்புக் களிமண்ணில் ஈரத்தோடு ஓட்டினால் சக்கரத் தடம் பள்ளமாகி, அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே ஓடிப் பாதையை அறுத்துவிடும். 2013-இல் மவுண்டன் பைக் உலகச் சாம்பியன் போட்டிகள் எங்கள் ஊரிலேயே, காஸ்கேட்ஸ் மலைச்சரிவில் நடந்தன. மலையிறக்கப் போட்டியில் எங்கள் ஊர்க்காரரான கிரெக் மின்னார் கடைசியில் பின்சக்கரம் பஞ்சராகியும் இறங்கி வந்து தங்கம் வென்றார். முதலுதவிக் கூடாரத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த நான் அந்தக் கூச்சலில் அழுதுவிட்டேன். கயிற்றுக்குப் பின்னால் நார்த்டேல் பையன்கள் எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? தங்கள் இதழில் அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி இதழில் வருவது இரண்டே விஷயம். 1893-இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம், புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் தீமிதி. இரண்டும் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் 130 வருடமாக எங்களை அந்த ரயில் நிலையத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்களே ஐயா! தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறைக்குள்ளேயே இறந்தார் என்று முன்பு ஒரு கட்டுரையில் வந்தது. சிறையில் நோயாகி, விடுதலையான பிறகு, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார் என்று அப்போதே கடிதம் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. இந்த ஊர்ச் சிறையில் வாடிய 16 வயதுப் பெண் அவர்.

கோயில் பள்ளியில் சனிக்கிழமைதோறும் நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தங்கள் இதழைத்தான் கையில் கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி பள்ளி அணிக்காக மவுண்டன் பைக் ஓட்டுகிறாள். சென்ற வாரம் கார்டா கட்டுரையைத் தந்தேன், அவளுக்குப் பிடிக்குமே என்று. அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, "நம்மவர்கள்னா நாமளா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வேறு என்ன செய்ய என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுவதாக அடுத்த இதழில் ஒரு குறிப்பு. படத்தில் இருப்பது ட்ரெமால்சோ என்று ஒரு திருத்தம். இடமிருந்தால் பாதைகளின் தரவரிசை. மூன்றும் சேர்ந்து கால் பக்கம்கூட வராது. வரும் இதழ் சனிக்கிழமைக்கு முன்னால் வந்துவிட்டால் வகுப்புக்கு எடுத்துப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்,
தென்னாப்பிரிக்கா