குவாட்டர்பேக்கைக் குறை சொல்லும் முன்: என்.எஃப்.எல். அணி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அணி உரிமையாளர்களே,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல், தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் இளம் குவாட்டர்பேக் தடுமாறினால், ‘பையனுக்கு நெஞ்சுரம் போதாது’ என்ற பேச்சுதான் முதலில் கிளம்புகிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், எத்தனை நாள் உடன் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் 2016 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக ராம்ஸ் அணிக்கு வந்தவர். அந்த சீசனில் அவர் இறங்கிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. டச்டவுனாக (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) முடிந்த எறிகள் 5, இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறி) 7. சீசன் முடியும் முன்பே பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷரும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே வந்தார். அதே காஃப் 28 டச்டவுன் எறிந்தார். ஒவ்வொரு பிளேயையும் (ஆட்ட நகர்வு) தொடங்க ஓடும் கடிகாரம் 15 நொடியைத் தொட்டதும் ஹெல்மெட்டில் பயிற்சியாளரின் குரல் நின்றுவிடும். மெக்வே ஆட்களைச் சீக்கிரமே வரிசையில் நிறுத்தி, எதிரணி நிற்கும் விதத்தை அதற்குள் காஃபின் காதில் சொல்லிவிடுவார். பின்னாளில் டெட்ராய்ட் அணியில் பயிற்சியாளர் பென் ஜான்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். காஃபுக்கு எது பிடிக்கும், எது கைவரும் என்று கேட்டு அதைச் சுற்றியே பிளேக்களை அமைத்தார். எனக்கு இதுதான் உயர்ந்த பயிற்சியாகப் படுகிறது. குரல் நின்றபின் முடிவு அந்தப் பையனுடையதுதானே!

சிகாகோ அணியைப் பாருங்கள். 2017-ல் குவாட்டர்பேக் டிரூபிஸ்கியை எடுத்தார்கள். சீசன் முடிந்ததும் பயிற்சியாளரை அனுப்பினார்கள். 2021-ல் ஃபீல்ட்ஸ், அதே கதை. 2024-ல் கேலப் வில்லியம்ஸ். நன்றி நாள் ஆட்டத்தில் அணி 3 புள்ளி பின்தங்கியிருக்க, சுமார் அரை நிமிடம் மீதமிருந்தபோது அவர் சாக் ஆனார், அதாவது எறியும் முன்பே எதிரணியால் வீழ்த்தப்பட்டார். கையில் டைம்-அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் இடைவேளை) இருந்தும் பயிற்சியாளர் எபர்ஃப்ளூஸ் கேட்கவில்லை. கடைசிப் பந்தை எறிந்தபோது நேரம் தீர்ந்துபோனது. மறுநாள் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார்.

நீக்கியதை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லாத ஒருவரிடம் 22 வயதுப் பையனை ஏன் ஒப்படைக்கிறீர்கள்? ஆள் மாறினால் பிளேக்களின் பெயர் மாறும், பின்வாங்கும் காலடிக் கணக்கு மாறும், யாரை முதலில் பார்ப்பது என்பதும் மாறும். அரை நொடி யோசித்தால் சாக். நாலு சாக் வாங்கியவர் எறிய வேண்டிய பந்தையும் எறியத் தயங்குவார்.

பயிற்சியாளரை மாற்றுவதென்றால் டிராஃப்டுக்கு முன்பே மாற்றுங்கள். மாற்றியபின் மூன்று சீசனாவது விட்டுவையுங்கள். பிளே சொல்பவரையும் சேர்த்துத்தான். நேர்காணலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்த பையனோடு திங்கட்கிழமை காலை உட்கார்ந்து என்ன பேசுவீர்கள்?

அன்புடன்,
ஒரு ரசிகன்