"பொருந்துற இடம்தான் சரியான இடம்"னு எழுதினீங்களே, அந்த ஒரு வரிதான் தப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்லயே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல கட்டுரை, குறை சொல்லணும்னு எழுதல. ஆனா அதுல "எதையும் இடம் மாத்தி மாட்டவே முடியாது, பொருந்துற இடம்தான் சரியான இடம்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதையே நம்பி இறங்கினா என்ன ஆகும்னு நான் ரெண்டு மாசம் முன்னாடியே பட்டுட்டேன், அதனாலதான் இந்த லெட்டர்.

நான் கரூர்ல கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன். பழைய சிஸ்டம் ஒரு ஷீட்ட சேவ் பண்றதுக்குள்ள ரெண்டு தடவை ஹேங் ஆகும், முகூர்த்த சீசன் வேற வருது, இன்ஜினியரிங் படிக்கிற அக்கா பையன் "மாமா நானே அசெம்பிள் பண்ணித் தர்றேன்"னான், சரின்னு ரெண்டு பேரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் கோர் ஐ5 12400எஃப் பிராசசர், 16 ஜிபி ராம், மானிட்டருக்குப் படம் அனுப்புற ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுன்னு எல்லாம் வாங்கிட்டு வந்தோம். மாட்டி முடிச்சு ஸ்விட்ச் போட்டா ஃபேன் எல்லாம் ஜோரா சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் "நோ சிக்னல்". அறுபதாயிரத்துக்கு மேல போட்டுட்டு கறுப்பு ஸ்க்ரீனப் பாத்து உக்காந்திருக்கிற கொடுமை இருக்கே!

ராத்திரி முழுக்க முட்டிப் பாத்துட்டு காலைல ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். அவர் பாத்தவுடனே ஒண்ணு சொன்னார், அது சரிதான், மானிட்டர் கேபிளை கார்டுல மாட்டாம, எல்லா பார்ட்ஸும் உக்கார்ற மதர்போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டைல மாட்டியிருக்கோம். பிராசசர் பேருக்குக் கடைசில எஃப் இருந்தா அதுக்குள்ள படம் காட்டுற கிராபிக்ஸ் பகுதி கிடையாது, அப்போ போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான், என்ன மாட்டினாலும் படம் வராது. அதே போர்டு எஃப் இல்லாத பிராசசருக்கும் பொருந்தணும்ங்கறதுக்காக அந்த ஓட்டைய வெச்சிருக்காங்க. இதுல இன்னொரு வேடிக்கை, புது கார்டுல இருக்கிற கேபிள் ஓட்டைக்கெல்லாம் தூசி போகாம கறுப்பு ரப்பர் மூடி போட்டு வருது, எங்க பையன் மூடின ஓட்டையை விட்டுட்டு தெறந்திருந்த ஓட்டைல மாட்டிட்டான், யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. உங்க கட்டுரைல கொடுத்திருந்த பார்ட்ஸ் லிஸ்ட்லயும் எஃப் பிராசசர்தான் இருக்கு, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களே.

சரி, கேபிளை கார்டுக்கு மாத்தினார், அவரோட மானிட்டர்லயும் ஒண்ணும் வரல. போர்டு ஓரமா நாலு குட்டி லைட் இருக்கும், சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு, அதுல கிராபிக்ஸ் கார்டுல கோளாறுன்னு காட்டுற விஜிஏ லைட் அணையாம நின்னுச்சு. "கார்டு டெட், வாரண்டிக்கு அனுப்பணும், இருவது நாள் ஆகும்"னுட்டு செக்கிங் சார்ஜ் ஐநூறு வாங்கிட்டார். கார்டக் கழட்டிக்கூடப் பாக்கல.

எனக்கு மனசு ஒப்பல. வீட்டுக்குக் கொண்டு வந்து, எங்க மானிட்டர் மேலயும் சந்தேகம் இருந்ததால, அம்மா பாத்துட்டிருந்த சீரியலை நிறுத்தி ஹால் டிவி பக்கத்துல கேபினெட்ட வெச்சோம் (அந்தத் திட்டு தனிக்கதை). பிளக்கப் புடுங்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா கார்டோட ஒரு முனை ஸ்லாட்டுல உக்காந்திருக்கு, இன்னொரு முனைல தங்கக் கலர் கோடு மெல்லிசா தெரியுது, ஒரு ரூபா காசு தடிமன்கூட இருக்காது. கார்டு பின்னாடி இருக்கிற தகடோட நுனி கேபினெட்ல இடிச்சு தூக்கிட்டு நின்னிருக்கு. கழட்டி, தகட்ட நேராக்கி, ரெண்டு கையாலயும் சமமா அழுத்தினோம், ஸ்லாட் கிளிப் "டக்"னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, முதல் நாள் அந்தச் சத்தம் வரவே இல்லைன்னு அப்பத்தான் ஞாபகம் வருது. ஸ்விட்ச் போட்டோம், டிவில போர்டு லோகோ வந்துருச்சு. அம்மாவே கை தட்டினாங்க.

அதோட முடியல. திரும்ப எங்க மானிட்டர்ல மாட்டினா மறுபடி நோ சிக்னல். அது பழசு, விஜிஏன்னு சொல்ற பழைய காலத்து நீலக்கலர் சாக்கெட் மட்டும்தான், நாங்க எச்டிஎம்ஐ டு விஜிஏ கேபிள்னு ஒண்ணு மலிவா வாங்கியிருந்தோம். இப்ப வர்ற கார்டுல விஜிஏ சிக்னலே வெளிய வராது, நடுவுல சிப் வெச்ச கன்வெர்ட்டர் இருந்தாத்தான் மாத்தித் தரும், எங்களோடது ரெண்டு பக்கமும் பின்னு வெச்ச வெறும் வயரு. அதுவும் "பொருந்திச்சு"ங்க.

கரண்ட் வயர் விஷயத்துல உங்க வரி ஆபத்தாவே போயிடும். ஸ்லாட் வழியா கார்டுக்கு 75 வாட் வரைக்கும்தான் கிடைக்கும், 3060-க்கு 170 வாட் வேணும், மீதிக்கு எஸ்எம்பிஎஸ்-லருந்து, அதான் கரண்ட் குடுக்குற பெட்டிலருந்து, தனி 8 பின் வயரு. பிராசசருக்கும் 8 பின்தான், ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின்னோட வடிவத்துல வித்தியாசம் வெச்சுத்தான் செஞ்சிருக்காங்க, ஆனா பலமா அழுத்துற ஆள் கைல மாட்டினா போயிடும்னு பயம், உள்ள 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேரெதிரா இருக்கு. பிராசசர் வயர் நாலும் நாலுமா பிரியும், கார்டு வயர் ஆறும் ரெண்டுமா பிரியும், இத மட்டும் எழுதியிருந்தாலே போதுமே. ராம் விஷயமும் அப்படித்தான், நாலு ஸ்லாட்லயும் பொருந்தும், ஆனா ரெண்டு ஸ்டிக் இருந்தா பிராசசர் பக்கத்துலருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல போடணும்.

அடுத்த வாரம் கேமிங் சிஸ்டம் கட்டுரை வரும்னு போட்டிருக்கீங்க. அதுல இந்த எஃப் சமாச்சாரத்த ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. அப்புறம் டிடிஆர்5-ங்கற புது வகை ராம் போட்ட சிஸ்டம் முதல் தடவை ஆன் பண்ணும்போது ராமைப் பழக்கிக்கிறதுக்கு சில நிமிஷம் கறுப்பாவே நிக்கும், கார்டு போச்சுன்னு பிளக்கப் புடுங்கிடாதீங்கன்னும் ஒரு வரி சேத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு ஆல்பம் டிசைனர்,
கரூர்.