முக்கோணத் தலையை நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மழைக்காலப் பாம்புகள் கட்டுரையில், 'தலை முக்கோணமாக இருந்தால் விஷப்பாம்பு' என்று ஒரு வரி இருந்தது. தயவுசெய்து இதை இனி அச்சிடாதீர்கள். இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிக்கும் நான்கு பாம்புகளில் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும்தான் இது பொருந்தும். கட்டுவிரியனின் தலை கழுத்தைவிடச் சற்றே அகலம், அவ்வளவுதான். நல்ல பாம்பும் படம் எடுக்காதபோது சாரை மாதிரிதான் தெரியும். மனித உயிருக்கு ஆபத்தில்லாத பூனைக்கண் பாம்புக்கோ முக்கோணத் தலை!

நம்பத்தக்க அடையாளம் செதில்களில் இருக்கிறது. கட்டுவிரியனோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படும், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உடலில் வெள்ளைப் பட்டைகள் உண்டு, இரண்டும் இரவில் வீட்டுக்குள் வரும். பக்கவாட்டில் தலையைப் பார்த்தால், வரையனுக்கு மூக்குச் செதிலுக்கும் கண்ணை ஒட்டிய முன்செதிலுக்கும் நடுவே தனியாக ஒரு செதில் இருக்கும். கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் அது கிடையாது. நல்ல பாம்பின் மேலுதட்டில் மூன்றாவது செதில் மூக்குச் செதிலையும் கண்ணையும் ஒருசேரத் தொடும். கட்டுவிரியனுக்கு இன்னொன்றும் உண்டு: முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். பட்டைகளை மட்டும் பார்ப்பதானால், வரையனுக்குக் கழுத்துப் பக்கம் பளிச்சென்றிருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் நேர் எதிர்.

கண்ணாடி விரியனின் தலை முழுக்கப் பொடிச் செதில்கள். ஆனால் விஷமில்லாத மண்ணுளிக்கும் அப்படித்தான், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இதையெல்லாம் புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும். செதில் எண்ணுவதற்காக யாரும் பாம்பின் பக்கத்தில் போகக் கூடாது. வெட்டுப்பட்ட தலையும் சிறிது நேரம் கடிக்கும். கடிபட்டவர்கள் பாம்பைத் தேடி நேரத்தைத் தொலைக்கவும் வேண்டாம். இங்கே தரப்படும் விஷமுறிவு மருந்து கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன், நல்ல பாம்பு ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதுதான். மருத்துவர்கள் அறிகுறிகளைப் பார்த்தே சிகிச்சை தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆக்கப்பட்டது. இந்த அக்கறை பத்திரிகைகளுக்கும் வேண்டும். அடுத்த கட்டுரையில் கட்டுவிரியன், வெள்ளிக்கோல் வரையன் இரண்டின் தலைகளையும் பக்கவாட்டுக் கோட்டோவியமாகப் பெரிதாக வரைந்து, அருகருகே போடுங்கள். தூரத்திலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட மட்டுமே என்ற எச்சரிக்கையும் அதன் கீழேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
செங்கல்பட்டு